நாற்பது சதவீதம் இல்லையென்றால் ஸ்கிரைப் கிடைக்காதா?

கேரளத்தின் சித்தூர் வட்டத்தில், வேலந்தாவளத்துக்குச் சற்று உள்ளே இருக்கும் ஒரு தமிழ்க் கிராமத்திலிருந்து 19 வயது மாணவி எழுதியிருக்கிறாள். தினமும் பஸ் ஏறி எல்லை தாண்டிப் போய், கோவையில் அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஊர்ப் பெயர், கல்லூரிப் பெயர் இரண்டையும் எடுத்துவிட்டேன். பிறக்கும்போதே வலது தோள் நரம்பு இழுபட்டுவிட்டது. கையை முழுதாக மேலே தூக்க வராது, பிடிப்பில் பலம் குறைவு, முக்கால் மணி நேரம் விடாமல் எழுதினால் விரல்கள் மரத்துப் பேனா நழுவிவிடும்.

பத்தாம் வகுப்பில் பாலக்காட்டு மெடிக்கல் போர்டு 35 சதவீத ஊனம் என்று சான்றிதழ் கொடுத்தது. பள்ளியில் ஸ்கிரைப், அதாவது சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஆள், வைத்து எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். கல்லூரிக்கு வந்ததும் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு செமஸ்டர் தானே எழுதினாள், இரண்டு தியரி பேப்பர் அரியர். பதில் தெரிந்த பெரிய கேள்விகளை எழுத நேரமும் கையும் போதவில்லை. இப்போது மூன்றாவது செமஸ்டருக்கு ஆறு வாரம் இருக்கும்போது தேர்வுப் பிரிவுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். அங்கே மூன்று பதில் கிடைத்திருக்கிறது: இது கேரளாச் சான்றிதழ், இங்கே செல்லாது, 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஸ்கிரைப் தர விதியில்லை, அட்மிஷனிலேயே சொல்லியிருக்க வேண்டும். துறைத் தலைவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பார்த்தா நல்லாத்தானே இருக்கே" என்றாராம். வீட்டில் அப்பா, புகார் அது இதுன்னு போனா இன்டர்னல்ல கை வைப்பாங்க என்கிறார். அம்மாவோ மாற்றுத்திறனாளி அடையாள அட்டை (யு.டி.ஐ.டி.) எடுக்கவே விடவில்லை, நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும் என்று.

கடைசியில் அவள் கேட்டிருப்பது: "வக்கீலம்மா, எனக்குச் சட்டத்துல ஏதாவது இடம் இருக்கா? இல்ல, 35 சதவீதம்னா நான் ரெண்டு பக்கமும் சேராத ஆளா?"

என் மகள் வயதுதான் உனக்கு, அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் உன் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் எப்படி எழுதுகிறேன் என்று நீங்கள் பார்க்கட்டும் என்றுதான் டைப் பண்ணாமல் கையால் எழுதிப் போட்டோ அனுப்புகிறேன் என்றிருந்தாய். பார்த்தேன். முதல் பக்கம் அச்சுக் கோத்த மாதிரி இருக்கிறது. இரண்டாவது பக்கத்தின் பாதியில் வரிகள் கீழ்நோக்கிச் சரிய ஆரம்பிக்கின்றன. மூன்றாவது பக்கத்தில் எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு பெரிதாகி, மெய்யெழுத்துப் புள்ளி எல்லாம் காணாமல் போகிறது. நான்காவது பக்கம் வேறு கையெழுத்து, "இனிமேல் நான் சொல்லத் தம்பி எழுதுகிறான்" என்று ஒரு குறிப்போடு. இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

40 என்ற எண் எதற்கு, எதற்கு இல்லை

எல்லாவற்றையும்விட முக்கியமான தவறு இங்கேதான் நடக்கிறது, தேர்வுப் பிரிவிலும் சரி, உன் மனதிலும் சரி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு வகை ஆட்களைப் பற்றிப் பேசுகிறது. ஒன்று, நீண்டகாலக் குறைபாடு இருந்து, அதனால் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்க முடியாமல் தடைபடுகிறவர், அதாவது மாற்றுத்திறனாளி. இந்த விளக்கத்தில் சதவீதமே கிடையாது. இரண்டாவது, 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று பெற்றவர். கல்லூரி இடங்களில் 5 சதவீத ஒதுக்கீடு, வயது வரம்புத் தளர்வு, கல்வி உதவித்தொகை போன்றவற்றுக்கு இந்த இரண்டாவது வகை தேவை. ஒதுக்கீடும் பணமும் அளவோடு இருப்பவை, அதனால் எங்கோ ஒரு கோடு போட வேண்டியிருக்கிறது, சரி.

ஆனால் படிக்கும் இடத்தில், பரீட்சை எழுதும் இடத்தில், உன் உடலுக்குத் தக்கபடி ஏற்பாடு செய்துதர வேண்டும் என்ற கடமை அந்தக் கோட்டுக்குள் அடங்காது. சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனத்துக்கும் தனிநபரின் தேவைக்கு ஏற்ற ஏற்பாடு தரும் பொறுப்பு உண்டு என்கிறது. அங்கீகாரம் என்ற சொல்லைக் கவனி, சுயநிதிக் கல்லூரிக்குக்கூட இது பொருந்தும், உன்னுடையது உதவி பெறும் கல்லூரி வேறு. 17ஆம் பிரிவு இன்னும் நேராக, கூடுதல் நேரம், எழுதித் தரும் ஆள் என்று பெயர் சொல்லியே பேசுகிறது.

இதைப் பற்றிச் சந்தேகம் இருந்த காலம் ஒன்று உண்டு, அது 2021 பிப்ரவரி 11ஆம் தேதியோடு முடிந்தது. விகாஷ் குமார் என்பவர் சிவில் சர்வீஸ் தேர்வு எழுதப் போனார். எழுத ஆரம்பித்தால் கை இறுகிக்கொள்ளும் பிரச்சினை அவருக்கு. ஸ்கிரைப் கேட்டார், 40 சதவீதம் இல்லை என்று யு.பி.எஸ்.சி. மறுத்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒதுக்கீட்டுக்காக வைத்த அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்து மற்ற உரிமைகளுக்கும் பூட்டுப் போடக் கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்ட் 10 அன்று மத்திய அரசு, 40 சதவீதத்துக்குக் கீழே இருந்து எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 பிப்ரவரியில் குல்ஷன் குமார் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே நிலையை மறுபடி உறுதி செய்தது. ஆக, விதியில்லை என்று சொன்னவர் பழைய காகிதத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். வேண்டுமென்றே சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. 2018ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் 40க்கு மேல் உள்ளவர்களுக்கானது, பல தேர்வுப் பிரிவுகளில் ஃபைலில் இருப்பது அதுதான்.

எனவே நீ இரண்டு பக்கமும் சேராத ஆள் இல்லை கண்ணு. உதவித்தொகைக்குச் சேரமாட்டாய், அதையும் சொல்லிவிடுகிறேன்: தேசிய உதவித்தொகைத் தளத்தில் உள்ள மாற்றுத்திறனாளி மாணவர் உதவித்தொகைக்கு 40 சதவீதமும் வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். நீ கேட்டிருந்த தமிழ்நாட்டுப் பஸ் சலுகையும் கிடைக்காது, அது அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு. பரீட்சை ஹாலில் உனக்கு வேண்டியது வேறு கணக்கு.

வேலந்தாவளம் தாண்டினால் செல்லாதா

இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் காகிதம் என்றாலே ஒரு பயம் ஊறிப்போயிருக்கிறது, காரணம் இல்லாமல் இல்லை. மலையாளத்தில் இருக்கும் ரேஷன் கார்டை நீட்டினால் அந்தப் பக்கம் முழிப்பார்கள், சாதிச் சான்றிதழ் மாநிலத்துக்கு மாநிலம் பட்டியல் மாறுவதால் நிஜமாகவே செல்லாமல் போகும். அந்த அனுபவத்தில்தான் உன் அப்பாவும், அவங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் ஊனச் சான்றிதழ் அந்த ரகம் இல்லை. 58ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, இந்தச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று ஒரே வரியில் சொல்கிறது. பாலக்காட்டில் ஆர்த்தோ டாக்டர் அளந்த உன் தோள், கோவைக்குப் போனதும் வேறு தோள் ஆகிவிடாது.

உன்னிடம் குறைவது வேறொன்று. 35 சதவீதம் என்ற சான்றிதழ் உனக்குக் குறைபாடு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது, உனக்கு எழுதச் சிரமம் இருக்கிறது என்று சொல்லவில்லை. 2022 வழிகாட்டுதல் கேட்டது அந்த இரண்டாவது காகிதத்தை, 2025இல் புது வழிகாட்டுதலும் வந்திருக்கிறது. அதற்கு ஒரு படிவம் இருக்கிறது, அரசு மருத்துவ அதிகாரி தலைமையில் எலும்பு அல்லது மறுவாழ்வு மருத்துவரும் மற்றவர்களும் இருக்கும் குழு பார்த்துக் கையெழுத்திட வேண்டும். படிவங்கள் அவ்வப்போது திருத்தப்படும், அதனால் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பாமல் மாற்றுத்திறனாளிகள் துறையின் தளத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்.

எங்கே போய் வாங்குவது? உன் பழைய ரெக்கார்டு பாலக்காட்டில் இருக்கிறது, அங்கே போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், நானாக இருந்தால் அங்கேதான் போவேன். வேறொரு வக்கீல், ஆறு வாரம்தானே இருக்கிறது, எதற்கு வாக்குவாதம், கோவை அரசு மருத்துவமனையிலேயே வாங்கிக்கொடுத்துவிடு என்று சொல்லலாம், அதுவும் தப்பில்லை. ஆனால் போர்டு உட்காரும் நாளைப் போன வேகத்தில் விசாரித்துக்கொள், எந்தப் பக்கம் முதலில் தேதி கிடைக்கிறதோ அதைப் பிடி. போகும்போது போன செமஸ்டர் விடைத்தாளின் நகல் கிடைத்தால் எடுத்துப் போ. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். போர்டு மறுத்துவிடவும் கூடும், அந்த ஆபத்து இருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேள். 40க்கு மேல் ஏற்றித் தாருங்கள் என்று மட்டும் அங்கே கேட்காதே, யாராவது புரோக்கர் அப்படிச் செய்து தருகிறேன் என்று வந்தால் பக்கத்தில் சேர்க்காதே. சதவீதத்தைத் தவறாக அளந்தார்கள் என்று நிஜமாகவே தோன்றினால் அதற்கு முறையான மேல்முறையீடு உண்டு, அதைப் பரீட்சைக்குப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

"அட்மிஷனிலேயே சொல்லியிருக்க வேண்டும்" என்பதற்கு ஒரே பதில்தான். சொல்லாமல் விட்டால் உரிமை போய்விடும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. நீ அப்போது ஒதுக்கீட்டில் இடம் கேட்கவில்லை, பொதுவில் சேர்ந்தாய், இப்போது தேவைப்படுகிறது, இப்போது கேட்கிறாய்.

ஸ்கிரைப்தான் வேண்டுமா என்று யோசி

ஸ்கிரைப் வைத்தால் கள்ளத்தனம் மாதிரி இருக்கிறது, ஃபிரெண்ட்ஸ் என்ன நினைப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி நான்காவது பக்கத்தில், தம்பியின் கையெழுத்தில் இருக்கிறது. அதைப் படிக்கும்போது அது தம்பியின் கடிதம் என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லையே. கோபமும் உன்னுடையது, குழப்பமும் உன்னுடையது, அவன் பேனா பிடித்தான், அவ்வளவுதான்.

ஆனாலும் உன் பாடத்தை வைத்துப் பார்த்தால் ஸ்கிரைப் ஒன்றுதான் வழி என்று நான் சொல்லமாட்டேன். தியரி பேப்பருக்குச் சரி, சொல்லச் சொல்ல எழுதிவிடுவார். அக்கவுண்ட்ஸ் பேப்பரில் பேலன்ஸ் ஷீட்டை வாயால் சொல்லி இன்னொருவரை எழுத வைப்பது தனி வித்தை. ஸ்கிரைப் பொதுவாக உன்னைவிடக் குறைந்த படிப்பு படித்தவராக, உன் பாடம் படிக்காதவராக இருக்க வேண்டும் என்பார்கள், அப்படிப்பட்டவருக்கு எந்தத் தொகை எந்தப் பக்கம், எங்கே கோடு போட வேண்டும், எங்கே டோட்டல் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். நேரம் அங்கேயும் ஓடும். அதனால் கணக்குப் பேப்பரை நீயே எழுதி, கூடுதல் நேரமும் நடுவில் கையை ஆற்றிக்கொள்ளப் பத்து நிமிடமும் கேட்கலாம். தியரிக்கு மட்டும் ஸ்கிரைப் கேட்கலாம். கீபோர்டில் உனக்கு வேகம் உண்டு என்றால் கம்ப்யூட்டரில் டைப் செய்ய அனுமதி கேட்கலாம். ஒரு பேப்பருக்கு ஒன்று, இன்னொன்றுக்கு வேறு என்று கேட்பதில் தவறே இல்லை, தனிநபரின் தேவைக்கு ஏற்ற ஏற்பாடு என்று சட்டம் சொல்வதன் அர்த்தம் அதுதான்.

கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடம், மூன்று மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம். கல்லூரியே ஆள் தருவதானால் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பாவது அவரைச் சந்திக்க விடுங்கள் என்று கேள், உன் உச்சரிப்பு அவருக்குப் பழக வேண்டும், சித்தூர்த் தமிழ் கலந்த இங்கிலீஷை முதல்முறை கேட்கிறவர் தடுமாறுவார். வீட்டில் தம்பியை உட்கார வைத்து இரண்டு பழைய கேள்வித்தாளை முழு நேரமும் வைத்து எழுதிப் பார். எது உனக்குச் சரிப்படும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பரீட்சையோடு நிறுத்திவிடாதே. ரெக்கார்டு நோட்டு, அசைன்மென்ட் எல்லாவற்றையும் டைப் செய்து தர அனுமதி, வகுப்பைப் போனில் பதிவு செய்ய அனுமதி, ஆசிரியரின் நோட்ஸ் நகல், இன்டர்னல் தேர்வுகளிலும் இதே ஏற்பாடு என்று ஒரே மனுவில் கேட்டுவிடு. தினமும் எழுதிச் சோர்ந்த கையோடுதான் நீ பரீட்சைக்குள் போகிறாய்.

யாரிடம், எந்த வரிசையில்

இதுவரை நீ செய்ததெல்லாம் வாய்ப்பேச்சு. கவுன்ட்டரில் நின்று கேட்டதற்குச் சாட்சி கிடையாது. பிரின்சிபாலுக்கு ஒரு பக்க மனு எழுது, தேர்வுக் கட்டுப்பாட்டாளருக்கும் சம வாய்ப்பு மையத்துக்கும் நகல் போடு. தன்னாட்சிக் கல்லூரி என்பதால் கட்டுப்பாட்டாளர் உங்கள் வளாகத்திலேயே இருக்கிறார், முடிவு அங்கேயே எடுக்க முடியும், இது உனக்குச் சாதகம். மனுவில் கோபம் வேண்டாம். என்ன சிரமம், என்ன ஏற்பாடு வேண்டும், எந்தச் சட்டப்பிரிவு, விகாஷ் குமார் தீர்ப்பின் தேதி, இணைப்பில் சான்றிதழ். உன் பிரதியில் அலுவலக சீலும் தேதியும் வாங்காமல் அங்கிருந்து நகராதே, சீல் போட மறுத்தால் அன்றே பதிவுத் தபாலிலும் ஈமெயிலிலும் அனுப்பிவிடு. மெடிக்கல் போர்டு தேதிக்காகக் காத்திருக்காமல் மனுவை இந்த வாரமே கொடு, இரண்டாவது காகிதம் வந்ததும் இணைத்துக்கொள்ளலாம்.

ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் மாணவர் குறைதீர்ப்புக் குழு. 2023இல் வந்த யு.ஜி.சி. விதிகளின்படி அந்தக் குழு 15 வேலை நாளுக்குள் பரிந்துரை தர வேண்டும், அதில் திருப்தி இல்லையென்றால் மாணவர் குறைகளை விசாரிக்கும் அதிகாரியான ஆம்பட்ஸ்பர்சனிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு. அப்புறம் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். கல்லூரி தமிழ்நாட்டில் இருப்பதால் சென்னையில் உள்ள ஆணையருக்குத்தான் எழுத வேண்டும், திருவனந்தபுரத்துக்கு எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். வக்கீல் வைக்காமல் நீயே எழுதலாம். ஆட்களை வரவழைத்து விசாரிக்க சிவில் கோர்ட் போன்ற அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரை செய்தால் மூன்று மாதத்துக்குள் என்ன செய்தோம், செய்யவில்லை என்றால் ஏன் என்று சொல்லியாக வேண்டும். மூன்று மாதம் உன் நவம்பர்ப் பரீட்சைக்கு உதவாது, தெரியும். அதனால் குழுவுக்கு எழுதும் அன்றே ஆணையருக்கும் எழுதிவிடு, ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது என்று காத்திருக்காதே.

பரீட்சை நெருங்கியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு இடைக்கால உத்தரவு கேட்கலாம். கோர்ட் என்றதும் அப்பா பணத்தை நினைத்துப் பயப்படுவார். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

துறைத் தலைவர் மீது கேஸ் போட முடியுமா என்றும் கேட்டிருந்தாய். பலர் முன்னால் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை தண்டனை தரும் 92ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் நீ எழுதியிருக்கும் அந்த ஒரு வாக்கியம் அதற்குள் வராது என்றே நினைக்கிறேன். உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. அறியாமையில் சொன்னாரா, வன்மத்தில் சொன்னாரா என்று கோர்ட் கேட்கும். அந்த ஆயுதத்தைக் கையில் எடுத்தால் ஆறு வாரமும் அதிலேயே போய்விடும், ஸ்கிரைப் பேச்சு பின்னால் போய்விடும்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும்

அப்பா பயப்படுவதைப் பொய் என்று சொல்லமாட்டேன், இன்டர்னலில் விளையாடும் இடங்கள் இருக்கின்றன. அதற்காகவே எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். மனு கொடுத்த தேதிக்கு முன்னால் உன் இன்டர்னல் மார்க் எவ்வளவு என்று இப்போதே போட்டோ எடுத்து வை. அதற்குப் பிறகு திடீரென்று சரிந்தால் அதுவே ஆதாரம். மனு கொடுக்கப் போகும்போது அப்பாவையும் கூட்டிப் போ, பேசவேண்டியதை நீ பேசு, அவர் பக்கத்தில் நின்றால் போதும்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பார். அந்த யு.டி.ஐ.டி. அட்டை ஆதார் மாதிரி உன் பையில் இருக்கும் ஒன்று, நாம் காட்டினால் ஒழிய யார் கண்ணிலும் படாது. 40க்குக் கீழே உள்ளவர்களுக்கும் அட்டை உண்டு, இனி வரும் எந்தத் தேர்விலும் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள், வங்கித் தேர்வு எழுதவேண்டும் என்று நீயே எழுதியிருக்கிறாய். இன்றே அவர் சம்மதிக்கவில்லை என்றாலும் மனு கொடுப்பதைத் தள்ளிப்போடாதே, உன்னிடம் உள்ள சான்றிதழை வைத்துத் தொடங்கலாம். உனக்கு 18 முடிந்துவிட்டது, கையெழுத்துப் போட வேண்டியது நீதான்.

மனுவை எழுதியதும் அனுப்பு, கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன். நீ அனுப்பிய நான்கு பக்கங்களையும் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். மெடிக்கல் போர்டுக்கு விடைத்தாள் நகல் கிடைக்காமல் போனால், அதில் முதல் மூன்று பக்கத்தை எடுத்துக்கொண்டு போ.